ஒரு சீவனுக்கும் முழுச் சாப்பாடு

"ஒரு சீவனுக்கு என்னத்துக்குத் தம்பி அடுப்பை மூட்டுறது? ஒரு துண்டுப் பாணும் ஒரு தேத்தண்ணியும் காணும்."

மீள்குடியேறிய கிராமங்களுக்கு நாம் போகும்போது, படலையைத் திறந்து உள்ளே போன சிறிது நேரத்தில் இந்த வார்த்தையைக் கேட்டுவிடுகிறோம். சொல்பவர் சில வேளை பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய்விட்ட எழுபது வயது ஆச்சியாக இருப்பார். சில வேளை, பிள்ளைகளின் படிப்புக்காக மனைவியைப் பட்டணத்து வாடகை வீட்டில் விட்டுவிட்டு, காணியைத் துப்புரவாக்கத் தனியே வந்து தறப்பாள் கொட்டிலில் தங்கியிருக்கும் கமக்காரராக இருப்பார். கணவனை இழந்தவர்கள், வேறு மாவட்டத்தில் கூலி வேலைக்குப் போய் அறையொன்றில் தங்கியிருக்கும் இளைஞர்கள் என்று இந்த வரிசை நீள்கின்றது.

எமது குடும்பங்கள் ஒரே இடத்தில் இருந்து ஒரே பானையில் உண்டவை. 1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதிலும் இருந்தும், 2008 இலும் 2009 இலும் வன்னியில் இருந்தும் மக்கள் பெயர்ந்தபோது பானையும் பிரிந்தது. காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டபோது திரும்பி வந்தவர் பல வீடுகளில் ஒருவர்தான். காணி திரும்பியது, குடும்பம் முழுதாகத் திரும்பவில்லை. செட்டிகுளம் முகாமில் பொதுச் சமையலறையிலே நூறு பேருக்குச் சோறு கிளறிய ஒரு தாய் எமக்குச் சொன்னார்: "நூறு பேருக்கு ஆக்கின கை, எனக்கு மட்டும் ஆக்க ஓடுதில்லை."

இதை வெறும் சோம்பல் என்று நாம் எண்ணக்கூடாது. சிறிய அளவில் சமைப்பது உண்மையில் கடினம். ஒரு தேங்காய் உடைத்தால் பாதி பழுதாகின்றது. ஒருவருக்கான குழம்புக்கும் ஐந்து பேருக்கான குழம்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவு விறகு வேண்டும். உண்ணும்போது பேச்சுத் துணையும் இல்லை. இந்தத் தடைகளை எப்படிக் குறைக்கலாம் என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப் போகின்றோம்.

வரம்பில் விழுந்த கமக்காரர்

எமக்குத் தெரிந்த ஒரு கமக்காரர் பத்துப் பரப்புக் காணியைத் திருத்தத் தனியே வந்தார். காலையில் தேநீரும் விசுக்கோத்தும், மத்தியானம் கடைப் பாணும் சம்பலும், இரவு சோறும் சம்பலும். பகல் முழுவதும் பற்றை வெட்டும் வேலை. நான்காம் மாதத்தில் ஒரு நாள் வரம்பில் மயங்கி விழுந்தார். வைத்தியசாலையில் பரிசோதித்து, இரத்தம் குறைவு என்றார்கள். "இந்தக் காணி எனக்குச் சரிவராது, திரும்பிப் போகப் போறன்" என்று அவர் எம்மிடம் சொன்னார். அவரைத் தோற்கடித்தது காணி அல்ல, தட்டு. இருபத்தைந்து வருடம் காத்திருந்து பெற்ற காணியை ஒருவர் உணவுக் குறைவினால் விட்டுப் போவதென்றால், தனியாளின் சமையல் சிறிய விடயம் ஆகுமா?

தனித்து உண்பவரின் தட்டில் நடப்பது இதுதான். முதலில் இலைக்கறி போய்விடும், ஏனெனில் ஆய்ந்து அரிய நேரம் வேண்டும். அடுத்து மீன் போய்விடும், ஏனெனில் ஒருவருக்காக வாங்கப் போவது அலைச்சல். பின்னர் பருப்பும் போகும். மிஞ்சுவது சோறு, சம்பல், பாண், தேநீர். வயிறு நிரம்பும், பசி அடங்கும். ஆனால் உடல் பட்டினி கிடக்கும்.

நிவாரணக் காலமும் எம்மிடம் ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றுள்ளது. அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்பன உலர் உணவாகக் கிடைத்தன. அவை உயிரைக் காத்தன, அதை நாம் மறக்கக்கூடாது. ஆனால் அதில் இலையும் பழமும் இல்லை. கோதுமை மா ரொட்டியும் சீனித் தேநீரும் ஒரு நேர உணவு என்ற எண்ணம் அந்த வருடங்களில்தான் எம்மிடம் வேரூன்றியது. நிவாரணம் நின்ற பின்பும் அந்தத் தட்டு எம்முடன் இருக்கின்றது.

தட்டில் மூன்று பங்கு

பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததை நினைவுபடுத்துவோம். உணவு மூன்று வகை. சக்தி தருவது: சோறு, புட்டு, கிழங்கு. உடலை வளர்த்துத் தேய்வைத் திருத்துவது: பருப்பு, பயறு, கௌபி, மீன், கருவாடு, முட்டை, பால். நோயிலிருந்து பாதுகாப்பது: இலைவகை, மரக்கறி, பழம். ஒவ்வொரு நேரத் தட்டிலும் இம்மூன்றும் இருக்க வேண்டும். மூன்று கறி வேண்டும் என்பதல்ல இதன் பொருள். ஒரே சட்டியில் மூன்றும் இருந்தாலும் போதும்.

இரண்டாவது வகையிலுள்ள புரதம் பணக்காரருக்கே கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த ஒருவருக்கு உடற்பாரத்தின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் தேவை என்று கொள்வர். 50 கிலோ உள்ளவருக்கு 40 கிராம். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பவர் அதிலிருந்தே ஏறக்குறைய 20 கிராம் பெறுகின்றார். ஒரு கைப்பிடி பருப்பு, அதாவது 40 கிராம் அளவு, இன்னும் 10 கிராம் வரை தரும். ஒரு முட்டை 6 கிராம் தரும். மிகுதியைக் கொஞ்சம் நெத்தலிக் கருவாடோ இன்னொரு அரைக் கைப்பிடி பயறோ நிரப்பிவிடும். சோற்றில் குறைவான சத்தைப் பருப்பு நிரப்பும், பருப்பில் குறைவானதைச் சோறு நிரப்பும். சோறும் பருப்பும் சேர்ந்து உண்பது எமது முன்னோர் கண்டறிந்த நல்ல சோடி.

இலைவகையில் நாளொன்றுக்கு இரண்டு கைப்பிடியாவது வேண்டும். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி, பசளி, முளைக்கீரை எதுவாக இருந்தாலும் நல்லது. இலையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சாது. அதற்குத் தேசிக்காய்ப் புளி உதவும், அதிலுள்ள விற்றமின் சீயே காரணம். அடுப்பால் இறக்கிய பின்பே தேசிப்புளி விட வேண்டும், கொதிக்கும்போது விட்டால் அந்தச் சத்து அழியும். விற்றமின் ஏ ஆக மாறும் சத்துச் சேருவதற்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், வறையில் போடும் தேங்காய்ப்பூ அதற்குப் போதும்.

இங்கே தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர் இரும்புச்சத்தைச் சேரவிடாது தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சீனியையும் எண்ணிப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம். நாளுக்கு ஆறு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 60 கிராம். வளர்ந்த ஒருவருக்கு இது 50 கிராமுக்குக் குறைய வேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 ஆம் ஆண்டு வழிகாட்டல். தனியே இருப்பவர் பசியைத் தேநீரால் அடக்குவதனால்தான் இந்தக் கணக்கு ஏறுகின்றது. பனங்கட்டியும் இனிப்புத்தான். ஆனால் ஒரு சிறு துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கும் எமது பழைய வழக்கத்தில், கரைத்துக் குடிப்பதைவிடக் குறைவாகவே இனிப்புச் சேரும்.

ஒரு நாளுக்கு ஒரு நெருப்பு

தனியாளுக்கு முதல் எதிரி நேரமும் விறகுமே. 2022 இல் சமையல் வாயுவும் மண்ணெண்ணெயும் தட்டுப்பட்டபோது இதை எல்லோரும் உணர்ந்தோம். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு முறை நன்றாக நெருப்பு மூட்டி, அந்த ஒரு நெருப்பில் இரண்டு நேரத்துக்கு வேண்டியதை முடிப்பதே சிறந்த வழி.

சிறிய பாத்திரம் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். குடும்பப் பானையின் அடியில் இரண்டு பிடி அரிசியைப் போட்டால் பானையைச் சுடவைக்கவே விறகு போய்விடும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு நேரச் சோற்றுக்கு இரண்டு கைப்பிடி அரிசி, கடும் வேலை செய்பவருக்கு மூன்று என்று அளந்து போடுங்கள். சோறு கொதிக்கும்போது நன்றாகக் கழுவிய ஒரு முட்டையை அதற்குள்ளேயே இட்டு அவித்துக்கொள்ளலாம். கஞ்சியை வடித்து ஊற்றுபவர்கள் அதனோடு பல சத்துகளையும் ஊற்றிவிடுகின்றார்கள். வடிக்காமல் அளவான தண்ணீரில் ஆக்குங்கள், அல்லது வடித்த கஞ்சியைச் சிறிது உப்பிட்டுக் குடியுங்கள். அரிசியைப் பலமுறை உரசிக் கழுவ வேண்டாம். தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியைவிடச் சிவப்பரிசியும் புழுங்கலரிசியும் சத்துக் கூடியவை.

வயலுக்குப் போகிறவர்களுக்கு வைக்கோற் கடகம் பெரிய உதவி. பழைய கடகம் அல்லது அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, அடியிலும் சுற்றிவரவும் அரைச் சாண் தடிப்புக்குக் காய்ந்த வைக்கோலை அமுக்கி, நடுவில் பாத்திரம் இருக்கக் குழி விடுங்கள். சாக்கு ஒன்றில் வைக்கோல் நிரப்பித் தலையணை போல் மேலே வைக்கத் தைத்துக்கொள்ளுங்கள். அரிசியையோ பருப்பையோ அடுப்பில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, மூடியைத் திறக்காமல் அப்படியே கடகத்தில் இறக்கி, தலையணையால் மூடுங்கள். உள்ளே இருக்கும் சூடே மிகுதியை அவிக்கும். ஒரு மணித்தியாலத்தில் சோறும் பருப்பும் பதமாகிவிடும். இரவே ஊறவைத்த பயறும் கௌபியும் கால் மணித்தியாலம் கொதித்த பின் இரண்டு மூன்று மணித்தியாலம் இருக்க வேண்டும். நீங்கள் காணியில் நிற்கும்போது கறி தானே அவியும்.

மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். பாத்திரம் முக்காற் பங்காவது நிறைந்திருக்க வேண்டும், குறைந்த அளவு விரைவில் ஆறிவிடும். பாத்திரத்தின் அடியில் தணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்த பின்பே வைக்கோலில் இறக்க வேண்டும். திறக்கும்போது உணவு ஆவி பறக்கச் சூடாக இராவிட்டால் மீண்டும் ஒருமுறை கொதிக்க வைத்தே உண்ண வேண்டும்.

ஒருவருக்கு அளவான நான்கு சமையல்

1. பருப்பும் கீரையும் ஒரே சட்டியில். ஒரு கைப்பிடி பருப்பு, நான்கைந்து சின்ன வெங்காயம், இரண்டு பல் உள்ளி, ஒரு பச்சைமிளகாய், சிறிது மஞ்சள். பருப்பு அவிந்ததும் இரண்டு கைப்பிடி அரிந்த கீரையைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு, உப்பிட்டு இறக்கித் தேசிப்புளி விடுங்கள். தேங்காய்ப்பால் விடாவிட்டால் இரவுக்கும் தாங்கும். இரவு ஒரு கரண்டி தேங்காய்ப்பூவும் தாளிதமும் சேர்த்தால் வேறு கறி போல இருக்கும்.

2. நெத்தலி போட்ட முருங்கையிலை வறை. ஒரு சிறு பிடி நெத்தலிக் கருவாட்டைச் சுடுநீரில் ஊறவிட்டு இரண்டு முறை கழுவி உப்பைப் போக்குங்கள். கொஞ்ச எண்ணெயில் வெங்காயம், செத்தல் மிளகாய், நெத்தலி என்பவற்றை வதக்கி, இரண்டு பிடி முருங்கையிலையும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிரட்டி இறக்குங்கள். எலும்போடு உண்ணும் சிறு மீன் கல்சியமும் தரும். அடுப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் இந்தக் கறிக்குத் தேவையில்லை.

3. பயறு அவியும் ஆவியில் குரக்கன் புட்டு. இரண்டு பிடி குரக்கன் மாவும் ஒரு பிடி வறுத்த அரிசி மாவும் கலந்து, உப்பு நீர் தெளித்துக் குழைத்து, தேங்காய்ப்பூ சேர்த்துச் சிறிய நீத்துப்பெட்டியில் இட்டு, ஊறவைத்த பயறு கொதிக்கும் பானையின் வாயில் வையுங்கள். ஒரே நெருப்பில் புட்டும் பயறும் ஆகிவிடும். 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு, அதே அளவு பசுப்பாலில் 120 மில்லிகிராம்தான். பால் வாங்க வழியில்லாத முதியவர்களின் எலும்புக்குக் குரக்கன் நல்லது.

4. சிறு கூழ். கூழ் என்றால் பெரிய பானையும் பத்துப் பேரும் என்றுதான் எமக்கு நினைவு. ஆனால் ஒரு தனியாளின் முழுச் சாப்பாட்டை ஒரே பாத்திரத்தில் அடக்க இதைவிட நல்ல முறை எம்மிடம் இல்லை. இரண்டு மேசைக்கரண்டி ஒடியல் மாவைத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றிவிடுங்கள். மூன்று கோப்பைத் தண்ணீரில் அரைப் பிடி அரிசி, நறுக்கிய பயிற்றங்காய் ஐந்தாறு, பலாக்கொட்டை அல்லது மரவள்ளித் துண்டுகள் சில இட்டு அவியுங்கள். பின்னர் ஒரு சிறு மீன் துண்டோ கழுவிய நெத்தலியோ போட்டு, ஒரு பிடி இலையும் சேருங்கள். கடைசியாக ஒடியல் மா, பழப்புளிக் கரைசல், அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், உப்பு என்பவற்றைக் கலந்து ஊற்றி, தடிக்கும் வரை துழாவி இறக்குங்கள். மூன்று பங்கும் ஒரே கோப்பையில் வந்துவிட்டன.

மரவள்ளி சேர்ப்பவர்கள் தோலை முழுதாக உரித்து, திறந்த பாத்திரத்தில் தனியே அவித்து, அந்த நீரை ஊற்றிவிட்டே கூழில் சேர்ப்பது நல்லது. கைக்கும் கிழங்கையும் நீலக் கோடு விழுந்த கிழங்கையும் எறிந்துவிடுங்கள்.

மிஞ்சியதைக் காப்பாற்றல்

குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டில் மிச்சம் வைப்பதற்கும் முறை உண்டு. தேங்காய்ப்பால் விட்ட கறியை அன்றே முடிக்க வேண்டும். பழப்புளி விட்டு வற்றக் காய்ச்சிய மீன்கறியை, மாலையிலும் காலையிலும் கொதிக்க வைத்தால், மறுநாள் மத்தியானம் வரை வைத்திருக்கலாம். கறியைக் கையால் தொடாமல் அகப்பையால் மட்டும் அள்ளுங்கள்.

மிஞ்சிய சோற்றைத் திறந்தபடி நெடுநேரம் வைக்க வேண்டாம். மாலையிலேயே கொதித்தாறிய நீர் ஊற்றி மூடி, மறுநாள் காலை முதல் உணவாகத் தயிர் அல்லது மோர், வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து உண்ணுங்கள். அதை மத்தியானத்துக்கு வைக்க வேண்டாம். நூல் விட்டாலோ மணம் மாறினாலோ கோழிக்குப் போடுங்கள். பாணும் தேநீரும் பிடித்த காலை நேரத்தைப் பழஞ்சோறு மீட்டெடுக்கும்.

தேங்காய் உடைத்தால் கண் உள்ள பாதியை முதலில் பாவியுங்கள். அந்தப் பாதிதான் முதலில் பழுதாகும் என்பது ஆச்சிமார் சொல்லித் தந்தது. மற்றப் பாதியைத் திருவி, ஈரம் போக இளஞ்சூட்டில் வறுத்துப் போத்தலில் அடைத்தால் சில நாட்களுக்கு வறைக்கும் சம்பலுக்கும் உதவும். முட்டையைத் தண்ணீரில் இட்டுப் பாருங்கள், தாழ்வது நல்லது, மிதப்பது கூடாதது. முருங்கையிலை மிஞ்சும் காலத்தில் நிழலில் உலர்த்தி இடித்து வைத்தால், மாரியில் ஒரு கரண்டி சொதியிலோ சம்பலிலோ கலக்கலாம். கத்தரி, பாகல் வற்றல்களும் ஒருவருக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சமைக்க ஏற்றவை. வற்றலிலும் கருவாட்டிலும் உப்பு உண்டு என்பதை மறவாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்பே மொத்தமாகப் போதும்.

பெயர்த்துச் செல்லக்கூடிய தோட்டம்

இன்னும் பிறர் காணியில் இருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மரம் நட்டால் பிறகு காணிக்கு உரிமை கேட்பார்களோ என்று சொந்தக்காரர் அஞ்சுவர். நட்டவருக்கும், நாளை எழும்பச் சொன்னால் விட்டுப் போக வேண்டுமே என்ற எண்ணம். இருவருக்கும் பொருத்தமானது பைத் தோட்டம். நன்றாகக் கழுவிய உரப்பை, ஓட்டை வாளி, உடைந்த குடம் எதிலும் மண்ணும் மக்கிய எருவும் சமபங்கு இட்டு, அடியில் துளை விட்டு நடலாம்.

ஒருவருக்கு ஆறு பை போதும். பொன்னாங்காணி இரண்டு, பசளி ஒன்று, பச்சைமிளகாய் ஒன்று, கத்தரி ஒன்று, ஆறாவதில் ஒரு முருங்கைக் கதியால். முருங்கையை உயர விடாமல் இடுப்பளவில் வெட்டி வந்தால் கைக்கெட்டத் தளிர் விடும். பொன்னாங்காணித் தண்டை நுனியில் கிள்ளக் கிள்ள அது கிளைக்கும். அரிசி, மரக்கறி கழுவிய நீரை இப்பைகளுக்கு ஊற்றுங்கள், சவர்க்கார நீர் வேண்டாம். சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள் கிணற்றடியில் ஒரு பப்பாசி, ஒரு தேசி, ஒரு கறிவேப்பிலை நட்டுவிட வேண்டும். காணி துப்புரவு முடியட்டும், பிறகு நடுவோம் என்று காத்திருக்கக்கூடாது. துப்புரவு செய்பவரின் உடலுக்குத்தான் அந்த இலை முதலில் வேண்டும்.

வேலிப் பொட்டால் ஒரு கிண்ணம்

எமது ஊர்களில் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. பிள்ளைகளும் கோழிகளும் மட்டுமல்ல, கறிக் கிண்ணங்களும் அந்தப் பொட்டால்தான் போய் வந்தன. இன்று கம்பி வேலியும் மதிலும் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பழக்கம் தனியாளின் சமையற் சிக்கலைப் பாதிக்கு மேல் தீர்த்துவிடும்.

அடுத்தடுத்த மூன்று வீடுகளில் மூவர் தனியே இருந்தால், ஒருவர் பருப்பும், ஒருவர் இலைக்கறியும், ஒருவர் மீனும் சமைத்து ஒரு கிண்ணம் மாற்றிக்கொள்ளலாம். மூவரும் ஒரு கறிதான் சமைத்தார்கள், மூவரும் மூன்று கறியோடு உண்கின்றார்கள். பாதித் தேங்காயும் பழுதாகாது. சாதி, உறவு, பழைய காணிப் பிணக்கு என்பன சில இடங்களில் குறுக்கே நிற்பதை நாம் அறிவோம். முகாமில் ஒரே வரிசையில் நின்று ஒரே கிடாரத்துச் சோற்றை உண்டவர்கள் நாம் என்பதை நினைத்துக்கொண்டால், ஒரு கிண்ணத்தை நீட்டுவது அவ்வளவு கடினமாக இராது.

மேலே சொன்ன கமக்காரர் திரும்பிப் போகவில்லை. பக்கத்துக் காணி ஆச்சி அவருக்கு ஒரு நாள் முருங்கையிலை வறை கொடுத்து விட்டார். மறுநாள் அவர் ஆச்சிக்கு விறகு கொத்திக் கொடுத்தார். இப்போது ஆச்சி கறி வைக்கின்றார், அவர் அரிசியும் கருவாடும் வாங்கி வருகின்றார். கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசையையும் ஒழுங்காகப் போட்டார். மூன்று பரப்பில் வெங்காயம் வைத்துவிட்டார். "தம்பி சாப்பிட வாறான் எண்டதாலை நானும் சமைக்கிறன்" என்று ஆச்சி சொல்கின்றார். யார் யாருக்கு உதவினார்கள் என்று சொல்வது கடினம்.

நோயாளர் கவனத்துக்கு

நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர் அல்லது ஊசி போடுபவர் மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தவறவிடக்கூடாது. சீனி மிகக் குறைந்து மயக்கம் வரலாம், தனியே இருப்பவருக்கு இது ஆபத்தானது. குரக்கனானாலும் சிவப்பரிசியானாலும் அளவோடுதான் உண்ண வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பருப்பு, மீன், இலைவகை எவ்வளவு உண்ணலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டே தீர்மானிக்க வேண்டும், இங்கே சொன்ன அளவுகள் அவர்களுக்கு உரியவை அல்ல. காரணமின்றிக் களைப்பு, மூச்சு வாங்கல், கண்மடல் வெளிறல் இருந்தால் இரத்தத்தைப் பரிசோதியுங்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரு மாதிரி

திங்கள்: சோறு, பருப்பும் கீரையும், அவித்த முட்டை.
செவ்வாய்: காலை பழஞ்சோறு. மத்தியானம் சோறு, நெத்தலி முருங்கையிலை வறை, கத்தரிக்காய்.
புதன்: குரக்கன் புட்டு, பயறு, பப்பாப்பழம்.
வியாழன்: சோறு, மீன் புளிக்குழம்பு, பொன்னாங்காணி வறை.
வெள்ளி: சோறு, பூசணி, கௌபி, அகத்தியிலைச் சொதி.
சனி: சிறு கூழ்.
ஞாயிறு: அயலவரோடு சேர்ந்து சமைத்து உண்ணல்.

உங்கள் பகுதியில் கிடைப்பதற்கு ஏற்ப இதை மாற்றிக்கொள்ளுங்கள். தட்டில் மூன்று பங்கும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் தனியே சமைத்து உண்பவர்கள் எத்தனை பேர்? நேற்று அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது எமக்குத் தெரியுமா?
2. கிண்ணம் மாற்றிக்கொள்ளக்கூடிய மூன்று வீடுகள் எவை? யார் முதலில் கேட்பது?
3. முருங்கைக் கதியாலும் பொன்னாங்காணித் தண்டும் யாரிடம் மிகுதியாக உண்டு? அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருவார்களா?

"ஒரு சீவனுக்கு என்னத்துக்கு அடுப்பு?" என்று இனி யாராவது கேட்டால் எமது பதில் இதுதான்: காணிக்குத் திரும்பி வந்தது அந்த ஒரு சீவன்தான். அது நின்று பிடித்தால்தான் மற்றவர்கள் வந்து சேர ஒரு வீடு இருக்கும். அந்த ஒரு சீவனுக்காக அடுப்பை மூட்டுங்கள்.